நிரல் தெரியாதவர் வெளியிடும் திறந்த மூல மென்பொருள்: மலையகத்திலிருந்து ஒரு விளக்கம்

2025 பெப்ரவரியில் கணினி விஞ்ஞானி ஆண்ட்ரே கர்பாத்தி, வேண்டியதைச் செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி, அது எழுதித் தரும் நிரலைப் படித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொண்டு மென்பொருள் செய்யும் பழக்கத்துக்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்தார். வாரயிறுதியில் செய்து பார்த்துவிட்டுத் தூக்கி எறியும் சிறு வேலைகளுக்கு இது பரவாயில்லை என்ற அளவில்தான் அவர் அதைப் பற்றி எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் கொலின்ஸ் அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தெரிவுசெய்துவிட்டது. தூக்கி எறிவதற்கென்று செய்யப்பட்டவையும் எறியப்படாமல் உலகத்தின் பொது நிரல் களஞ்சியங்களில் வந்து குவியத் தொடங்கிவிட்டன. இன்று இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு லயத்துக் காம்பிராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) இருந்துகொண்டு, உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்த ஒருவர், கையில் ஒரு தொலைபேசியும் கொஞ்சம் டேட்டாவும் இருந்தால், மாலைக்குள் இயங்கும் செயலி ஒன்றைச் செய்து, அதை நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்த மூலமாக, அதாவது எவரும் நிரலை எடுத்துப் பார்த்து மாற்றக்கூடியபடி, வெளியிட்டுவிடலாம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு மூன்று நான்கு வருடப் படிப்பும், அந்தப் படிப்புக்காகக் கொழும்பிலோ கண்டியிலோ தங்கியிருக்கும் வசதியும் வேண்டியிருந்தது.

இது நல்லதா கெட்டதா என்ற விவாதம் பெரும்பாலும் நிரலின் தரத்தைப் பற்றியதாகவே நடக்கிறது. தரம் முக்கியம்தான். ஆனால் செயற்கை நுண்ணறிவு எழுதும் நிரல் மாதத்துக்கு மாதம் சீராகிவருகிறது. இன்று அதில் காணும் குறைகளை வைத்துக்கொண்டு நாளைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. வெளியிடப்பட்ட நிரலுக்கு யார் பொறுப்பு, அது தவறும்போது யார் பதில் சொல்வார்கள் என்ற கேள்வியோ கருவி எவ்வளவு முன்னேறினாலும் அப்படியே நிற்கும். மலையகத்தைப் பொறுத்தவரை சிக்கலின் மையம் அதுவே என்பது என் கணிப்பு.

திறந்த மூலம் என்பதற்கு இரண்டு பாதிகள் உண்டு. முதற்பாதி உரிமம். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்து, 1989 இல் அதன் பொது உரிமத்தின் முதற் பதிப்பை வெளியிட்டபோது சட்டத்தின் மொழியில் வகுத்துக் கொடுத்தது இதைத்தான்: எவரும் இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். இரண்டாவது பாதி எந்த உரிமத்திலும் எழுதப்படவில்லை. சொல்லப்போனால், ஏறத்தாழ எல்லா உரிமங்களும் ‘உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று அதற்கு நேர்மாறாகவே முடிகின்றன. இருந்தும் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை உலகம் நம்புகிறது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த வேலையை அவரும் அவரைச் சுற்றி வளர்ந்த பராமரிப்பாளர்களும் ஒருநாளும் அநாதையாக விட்டுவிடவில்லை என்பதே அந்த நம்பிக்கைக்குக் காரணம். வழு (மென்பொருள் பிழை) ஒன்று சொல்லப்பட்டால் அதைப் படிக்க அங்கே ஒருவர் இருக்கிறார். செயற்கை நுண்ணறிவு முதற்பாதியை யாருக்கும் எட்டும்படி செய்துவிட்டது. இரண்டாவது பாதியைத் தொடவே இல்லை.

இலங்கைக்கு இந்த இரண்டாவது பாதி புதிதல்ல. 2003 இல் திறந்த மூல மென்பொருளை வளர்ப்பதற்கென்று லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. கூகுளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல ஆண்டுகள் உலக அளவில் முன்வரிசையில் நின்றார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்நாட்டுத் தொண்டர்கள் சில நாட்களுக்குள் எழுதத் தொடங்கிய ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் காணாமற்போனோர் பட்டியலையும், முகாம்களின் விபரத்தையும், நிவாரணத் தேவைகளையும் ஒரே இடத்தில் திரட்டியது. அது 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டு, 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதையும் பெற்றது. அவசரத்தில் பிறந்த மென்பொருள்தான். ஆனால் அவசரம் தீர்ந்த பிறகும் அதோடு ஆட்கள் இருந்தார்கள்.

இந்த வரலாற்றில் மலையகத் தமிழரின் பங்கு சிறியதாகவே இருந்திருக்கிறது. உயர்தரத்தில் கணிதப் பிரிவும் விஞ்ஞானப் பிரிவும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் குறைவு. பொறியியல் பீடத்துக்குப் போகும் பாதையே ஒடுக்கமானது. ஆகவே அந்தப் பாதையைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழி ஒன்று திறந்திருப்பதை மேட்டிமைத்தனத்தோடு பழிப்பது நியாயமாகாது. அந்த வழியில் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் கிட்ட நின்று பார்ப்பதே பயன் தரும்.

தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சிட்டையைச் சரிபார்க்கும் செயலி ஒன்றை எண்ணிக்கொள்வோம். மலையகத்து இளைஞர் ஒருவருக்கு முதலில் தோன்றக்கூடிய மென்பொருள்களில் இது ஒன்று. ஏனெனில் சம்பள நாளில் அம்மா கொண்டுவரும் சிட்டையை வாசித்துச் சொல்வது பல வீடுகளில் படித்த பிள்ளையின் வேலை. “தோட்டத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தைக் கணக்கிடும் செயலி வேண்டும்” என்று கேட்டால் கருவி உடனே எழுதித் தருகிறது. திரை அழகாக இருக்கிறது. தமிழில் பொத்தான்கள்கூட இருக்கின்றன. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் நாட்கூலியை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாயாக உயர்த்தவும், அதற்கு மேல் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாயை அரசாங்கம் வழங்கவும் முன்மொழிந்தது. அந்த எண்களையும் கருவியிடம் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு பெண் அந்த மாதம் 18 நாள் முழுப்பேரும் (முழு நாட்கூலி) 2 நாள் அரைப்பேரும் (பாதி நாட்கூலி) போட்டிருக்கிறார். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது 19 பேர் என்று தெரியும். 1,550 ஆல் பெருக்கினால் 29,450 ரூபாய். ஆனால் ‘பேர்’ என்பதும் ‘அரைப்பேர்’ என்பதும் கருவிக்குச் சொல்லப்படவில்லை. அதற்குத் தெரிந்தது வேலைக்கு வந்த நாட்கள் மட்டுமே. 20 நாள் என்று எண்ணி 31,000 ரூபாய் என்று காட்டுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து கழிக்க வேண்டியது 8 வீதம். சரியான கணக்கில் அது 2,356 ரூபாய், செயலியின் கணக்கில் 2,480 ரூபாய். தொழில்தருநர் செலுத்த வேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் சம்பளத்திலிருந்து கழிபடுபவை அல்ல என்பதை அது சரியாகப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் போயிருக்கலாம். வருகைக் கொடுப்பனவு அரைப்பேருக்கும் உண்டா, உண்டென்றால் முழுவதுமாகவா பாதியாகவா என்ற கேள்வியை அது கேட்டிருக்காது; ஏதோ ஒரு விடையைத் தானே தெரிவுசெய்து, நிரலின் நடுவில் ஒரு வரியாக வைத்துவிட்டுப் போயிருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம், மலைக்கு மலை, பருவத்துக்குப் பருவம் மாறும் கொழுந்தின் அளவு, அதற்கு மேல் பறிக்கும் கிலோவுக்கான காசு, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று நிறுவையில் கழிக்கப்படுவது, சங்கச் சந்தா, கோயில் பணம், பண்டிகை முற்பணம் ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

இயங்காத மென்பொருள் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஆபத்துக் குறைவு. இந்தச் செயலியோ இயங்குகிறது. அது தரும் எண் இரண்டு தசமப் புள்ளியோடு, கட்டம் போட்டு, நம்பத்தக்க விதத்தில் வருகிறது. அந்தத் தாளை அச்சிட்டுக்கொண்டு தோட்ட ஆபிசுக்குப் போய் 1,550 ரூபாய் குறைகிறது என்று ஒரு தொழிலாளி வாதிட்டால், கிளாக்கர் தொழிலாளரின் பேரைப் பதியும் செக்ரோலை எடுத்து இரண்டு அரைப்பேரைக் காட்டிவிடுவார். அடுத்த மாதம் அதே தொழிலாளி உண்மையான குறையோடு போனால் அவரை யார் நம்புவார்கள்? நிரலில் இருந்த ஒரு வரியின் விலை அங்கே போய் விழுகிறது.

நிரல் தெரியாமல் இப்படி வெளியிடுவோரைக் குறிக்க ‘திறமையற்றவர்’ என்ற சொல்லைச் சற்று நிதானித்தே பயன்படுத்த வேண்டும். செயலியைச் செய்த இளைஞருக்கு அரைப்பேர் என்றால் என்னவென்று தெரியும். கொழும்பில் இருக்கும் தேர்ந்த மென்பொருள் பொறியியலாளர் ஒருவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. இளைஞரிடம் இல்லாதது, தான் அறிந்தது நிரலுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று சோதிக்கும் பழக்கம் மட்டுமே. தன் அம்மாவின் சிட்டையையும் பக்கத்து வீட்டாரின் சிட்டைகள் சிலவற்றையும் கையால் கணக்குப் போட்டு, செயலியின் விடையோடு ஒப்பிட்டிருந்தால் அரைப்பேர்ப் பிழை பத்து நிமிடத்தில் வெளிவந்திருக்கும். இதற்கு நிரல் மொழி எதுவும் தெரிய வேண்டியதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸே 2026 ஜனவரியில், தன்னுடைய சிறிய பொழுதுபோக்குத் திட்டம் ஒன்றில் பைத்தன் மொழியில் அமைந்த பகுதியை வைப் கோடிங் முறையில் செய்ததாகவும், பைத்தன் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றும் திட்டத்தின் முகப்புக் குறிப்பிலேயே எழுதி வைத்தார். திறமை என்பது ஆளுக்கு ஆள் மட்டும் அல்ல, பகுதிக்குப் பகுதியும் வேறுபடும். எந்தப் பகுதியைத் தான் அறிவேன், எதை அறியேன் என்று முகப்பிலேயே சொல்லிவிடுவதால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடுவதில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் நுணுக்கமானது. நம் மொழியோடு ஒட்டியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி இந்நாட்டைத் தாக்கியது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகளே மிகப் பெரிய உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தின. இப்படியான நேரத்தில் ஓர் இளைஞர் காணாமற்போனோரின் பெயரையும் ஊரையும் பட்டியலிடும் தளம் ஒன்றை ஒரே இரவில் செய்து முடிப்பது இன்று முற்றிலும் சாத்தியம். அந்தத் தளத்தின் தேடுபெட்டியில் ‘கொட்டகலை’ என்று தட்டச்சு செய்கிறோம். கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. கணினியின் உள்ளே, உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோட் முறையில், அது எட்டுக் குறியீடுகள்: ககரம், ஒகரக் குறி, டகரம், புள்ளி என்று தொடரும். ஆனால் சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்காமல், முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக வைக்கின்றன. அப்போது அதே ‘கொட்டகலை’ ஒன்பது குறியீடுகளாகிவிடுகிறது. திரையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கணினிக்கோ இவை வேறு வேறு சொற்கள். ஆகவே பதிந்தவர் ஒரு விதமாகவும் தேடுபவர் இன்னொரு விதமாகவும் தட்டச்சு செய்திருந்தால், பட்டியலில் இருக்கும் பெயருக்கும் ‘இல்லை’ என்ற பதிலே வரும்.

இதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி நிரல் போதும். இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் இயல்பாக்க முறை யூனிகோட் தரத்திலேயே உள்ளது. கேட்டால் செயற்கை நுண்ணறிவு அந்த வரியை உடனே எழுதிக் கொடுக்கும். கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இங்கே அறிவு. தமிழில் பெயர்களை வரிசைப்படுத்துவதும் இப்படித்தான்: யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் இருப்பதால், சாதாரண வரிசைப்படுத்தல் தமிழ் நெடுங்கணக்கைக் குழப்பிவிடும். இலங்கையில் இன்னும் புழங்கும், யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த சங்க ஆவணங்களையும் பாடசாலைப் பட்டியல்களையும் அப்படியே கொடுத்தால், கணினி அவற்றில் காண்பது ஆங்கில எழுத்துக்களின் குப்பையை மட்டுமே.

இதே மண்சரிவு விடயத்தில் வேறொரு வகை ஆபத்தும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. சிவப்பு என்றால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும். 2014 அக்டோபர் 29 இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத ஒரு சமூகத்தில், இந்த எச்சரிக்கையைத் தமிழில் உடனே காட்டும் செயலிக்கு நிச்சயமாகத் தேவை இருக்கிறது. ஆனால் அந்தச் செயலியைச் செய்தவர் அடுத்த வருடம் வேலைக்காகக் கட்டாருக்குப் போய்விட, எச்சரிக்கைகள் வெளியாகும் பக்கத்தின் அமைப்பும் மாறிவிட்டால், செயலி எதையும் எடுக்க முடியாமல் கடைசியாக எடுத்ததையே காட்டிக்கொண்டிருக்கும். ‘உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்ற வாசகம் அதன் திரையில் பச்சை நிறத்தில் நிற்கும். தகவல் எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பெரிய எழுத்தில் காட்டாத, பழைய தகவலை வைத்துக்கொண்டு வாய்மூடி நிற்கத் தெரியாத எச்சரிக்கைச் செயலி, செயலியே இல்லாததைவிட மோசமானது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இதுவரை சொன்னது தனக்கென்று, தன் ஊருக்கென்று ஒருவர் செய்வதைப் பற்றியது. அடுத்தவரின் திட்டத்துக்குள் போய்ப் பங்களிப்பது வேறு வகை. இன்று உலகத் திறந்த மூலப் பராமரிப்பாளர்களின் பொறுமையைச் சோதிப்பது அதுதான்.

‘கேர்ல்’ என்ற மென்பொருளைப் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தொலைபேசி, தொலைக்காட்சி, மகிழுந்து என்று கோடிக்கணக்கான சாதனங்களுக்குள் இணையத்திலிருந்து தரவை எடுத்துக் கொடுக்கும் வேலையை அது செய்துகொண்டிருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த டானியல் ஸ்டென்பெர்க் 1990 களிலிருந்து அதைப் பராமரித்து வருகிறார். பாதுகாப்புக் குறைபாட்டைக் கண்டுபிடித்துச் சொல்வோருக்கு 2019 முதல் பணப்பரிசு தரும் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, நல்ல ஆங்கிலத்தில், அடுக்கடுக்கான தலைப்புகளோடு, கேர்லில் இல்லவே இல்லாத செயற்கூறுகளைப் பற்றியெல்லாம் முறைப்பாடுகள் வரத் தொடங்கின. 2025 நடுப்பகுதியில் வந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இத்தகைய குப்பை என்றும், உண்மையான குறைபாட்டைச் சொன்னவை ஏறத்தாழ 5 வீதம் மட்டுமே என்றும் அவர் எழுதினார். 2026 ஜனவரி இறுதியோடு பரிசுத் திட்டமே மூடப்பட்டது. நிறுவைக்கு வரும் சாக்குகள் பத்து மடங்காகி, அவற்றில் முக்கால்வாசி முற்றல் இலையாக இருந்து, பிரித்துப் பார்க்கும் கைகள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடந்தது.

இந்தக் கோளாறு செயற்கை நுண்ணறிவோடு பிறந்ததும் அல்ல. 2020 அக்டோபரில், திறந்த மூலத் திட்டங்களுக்கு நான்கு மாற்றக் கோரிக்கைகள் (சேர்த்துக்கொள்ளும்படி முன்வைக்கும் திருத்தங்கள்) அனுப்பினால் டீசேர்ட் கிடைக்கும் என்ற ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, ‘அருமையான திட்டம்’ என்ற சொற்களை முகப்புக் கோப்பில் சேர்த்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் கோரிக்கை அனுப்பினார்கள்; எரிச்சலடைந்த பராமரிப்பாளர்களின் எதிர்ப்பால் நிகழ்வின் விதியே அந்த மாதத்துக்குள் மாற்றப்பட்டது. அன்றைய குப்பையைப் பார்த்த மாத்திரத்தில் குப்பை என்று கண்டுகொள்ள முடிந்தது. இன்றையது உழைத்து எழுதியது போலத் தோன்றுவதால், அதைக் குப்பை என்று நிரூபிக்கவே ஒரு மணித்தியாலம் வேண்டியிருக்கிறது; அனுப்பியவருக்கோ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பராமரிப்பாளரின் களைப்பு அவருடைய சொந்தப் பிரச்சினை என்று விட்டுவிடவும் முடியாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட பின்கதவு விவகாரத்தில், களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம் இரண்டு வருடம் உதவியாளர் போல நடித்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், லினக்ஸ் கணினிகளுக்குள் நுழையும் வழியை அந்தச் சிறு மென்பொருளில் ஒளித்து வைத்திருந்தார். புகுபதிகை அரை வினாடி தாமதிப்பதைக் கவனித்த ஒரு பொறியியலாளரின் பிடிவாதத்தால்தான் அது பரவலாவதற்கு முன்பே பிடிபட்டது.

செயற்கை நுண்ணறிவால் எழுதிய பங்களிப்புகளைத் திட்டங்கள் எதிர்கொள்ளும் முறைகள் ஒன்றுபோல் இல்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஜென்டூ 2024 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்ட பங்களிப்பை முற்றாகத் தடைசெய்தது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் மென்பொருளான கியூஎமு 2025 இல் அதே வழியில் போனது. இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா 2025 அக்டோபரில், பயன்படுத்தலாம், ஆனால் பங்களிப்பவரே முழுப் பொறுப்பு, பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும் என்ற திசையில் கொள்கை வகுத்தது. எனக்கு ஃபெடோராவின் வழியே பொருத்தமாகப் படுகிறது. தடையை நேர்மையானவர் மட்டுமே மதிப்பார். 2025 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு கேர்லில் உண்மையான வழுக்கள் பலவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தபோது, குப்பையைக் கண்டித்த அதே ஸ்டென்பெர்க் மனம் திறந்து பாராட்டினார். அந்த ஆய்வாளர் அனுப்பிய நீண்ட பட்டியலிலிருந்து கேர்லுக்கு உண்மையான திருத்தங்கள் பல கிடைத்தன.

தேர்ந்தவர்களுக்கும் இந்தக் கருவியின் பலனைத் தாமே அளக்கத் தெரியவில்லை என்பதை ஓர் ஆய்வு காட்டியது. 2025 ஜூலையில் ‘மீட்டர்’ என்ற ஆய்வு நிறுவனம் அனுபவம் வாய்ந்த 16 திறந்த மூல நிரலாளர்களை, அவர்கள் நன்கு அறிந்த திட்டங்களில் 246 பணிகளைச் செய்யவைத்தது. கருவியைப் பயன்படுத்திய பணிகளில் அவர்கள் 19 வீதம் மெதுவாக வேலை செய்தார்கள். ஆனால் தாங்கள் 20 வீதம் விரைவாகச் செய்ததாக நம்பினார்கள். அது 2025 இன் தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பற்றிய முடிவு. இன்றைய கருவிகளுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. ‘விரைவாகச் செய்கிறேன்’ என்ற உணர்வுக்கும் உண்மைக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளிதான் கவனிக்கத்தக்கது. நிரலைப் படிக்கவே தெரியாதவருக்கு அந்த இடைவெளியை உணரும் வாய்ப்பு இன்னும் குறைவு. வேறோர் ஆய்வு, 16 செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் எழுதிய 5,76,000 நிரல் துண்டுகளைப் பரிசோதித்து, அவை பரிந்துரைத்த துணைப்பொதிகளில் (நிறுவிப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளில்) ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்தில் இல்லாதவை என்று கண்டது. இல்லாத அந்தப் பெயரில் ஒரு தீய பொதியை யாராவது முன்கூட்டியே பதிந்து வைத்தால், கருவி சொன்னதை அப்படியே நிறுவுபவரின் கணினிக்குள் அது நேரே வந்துவிடும்.

நம் சம்பளச் செயலிக்குத் திரும்பினால், அங்கே இன்னொரு பொறி காத்திருக்கிறது. சோதனைக்கென்று உண்மையான சிட்டைகளின் படங்களையோ, பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம் அடங்கிய அட்டவணையையோ இளைஞர் களஞ்சியத்தில் ஏற்றிவிடுகிறார். பிறகு யாரோ சுட்டிக்காட்ட, அந்தக் கோப்பை அழிக்கிறார். கோப்பு மறைந்துவிடும், ஆனால் கிட் என்ற முறையே பழைய நிலைகள் அனைத்தையும் சேமித்து வைப்பதற்காக உருவானது. வரலாற்றில் இரண்டு படி பின்னால் போனால் அந்த இலக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி அந்த இளைஞர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அயலாரின் சம்பள விபரத்தை ஊருக்குக் காட்டக் கூடாது என்பது அவருக்குச் சட்டம் சொல்லாமலே தெரியும். களஞ்சியத்துக்கு இப்படியொரு நினைவாற்றல் உண்டு என்பதுதான் தெரியாது.

உரிமத்தின் அடித்தளமும் அசைகிறது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, கட்டளை கொடுத்தது மட்டுமே மனிதரின் பங்காக இருந்தால் அதன் விளைவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று கூறியது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியோன் என்று ஒரு மனிதரையே கருதுகிறது. குனூ உரிமம் போன்றவை பதிப்புரிமையின் மேல் நிற்பவை. எழுதியவர் என்று ஒருவர் சட்டத்தின் கண்ணில் இல்லாவிட்டால், ‘மாற்றியதையும் திறந்தே வெளியிட வேண்டும்’ என்ற நிபந்தனையை யார் வலியுறுத்துவது?

இவ்வளவு சொன்ன பிறகும், செய்ய வேண்டாம் என்பது என் முடிவல்ல. மலையகத்துக்கு வேண்டிய மென்பொருளைச் சந்தை செய்து தராது. சம்பளச் சிட்டை சரிபார்ப்பவரிடம் செலவழிக்கப் பணம் இல்லை என்பதை எந்த நிறுவனமும் அறியும். கருவிக்கே பணம் வேண்டும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்: மாதம் 20 டொலர் சந்தா ஏறத்தாழ 6,000 ரூபாய், வருகைக் கொடுப்பனவும் சேர்ந்த 1,750 ரூபாய் நாட்சம்பளத்தில் அது மூன்று நாள் உழைப்பைத் தாண்டுகிறது. இலவசப் பதிப்போ பாதி வேலையில் நின்றுவிடுகிறது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தைவிட வேகமாக அதன் எல்லை தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே ஆளுக்கொரு செயலி என்று பத்து இளைஞர்கள் தனித்தனியே அரைகுறையாகச் செய்து வெளியிடுவதைவிட, பத்துப் பேரும் ஒரே களஞ்சியத்தில் சேர்ந்து, அவர்களில் நிரல் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது உள்ளே வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் சிக்கனம்.

அந்தக் களஞ்சியத்தில் முதலில் இருக்க வேண்டியது நிரல் அல்ல என்றுகூடச் சொல்வேன். பெயரும் இலக்கமும் நீக்கப்பட்ட சம்பளச் சிட்டைகள் ஐம்பது, ஒவ்வொன்றுக்கும் கையால் போட்ட கணக்கு, அந்தக் கணக்குக்கான காரணம் ஒரு வரியில். தோட்டங்களின் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், ஒவ்வொன்றும் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்ற குறிப்போடு. இவற்றை உலகத்தின் எந்தப் பெரிய நிறுவனமும் எந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரியும் தாமாக உருவாக்க முடியாது. பத்தனை ஸ்ரீ பாத கல்வியியல் கல்லூரியில் பயிலும் ஓர் ஆசிரிய மாணவரால், ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளையின் துணையோடு, முடியும். பிறகு நிரலை மனிதர் எழுதினாலும் கருவி எழுதினாலும், அந்த ஐம்பது சிட்டைகளுக்கும் சரியான விடை வருகிறதா என்று ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். அரைப்பேர் தவறினால் உடனே தெரிந்துவிடும்.

முகப்புக் குறிப்பில் எழுத வேண்டியவையும் இதிலிருந்தே வரும்: எந்தப் பகுதியைக் கருவி எழுதியது, எந்தச் சிட்டைகளோடு ஒப்பிடப்பட்டது, எந்த வகைத் தோட்டங்களுக்கு இன்னும் பார்க்கப்படவில்லை, யாரிடம் கேட்கலாம், கூலியை அறிவிக்கும் எந்த வர்த்தமானி வரை கணக்குச் செல்லும். நாட்கூலி மறுபடியும் மாறும். கருவி எழுதும் நிரலில் 1550 என்ற எண் ஒரே இடத்தில் இல்லாமல், திரையில் ஒன்று, கணக்கில் இரண்டு, அச்சிடும் பகுதியில் ஒன்று என்று சிதறிக் கிடப்பது சாதாரணம். ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் மேலே ஒரு தொகையும் கீழே வேறொரு தொகையும் வரும். அந்த எண்ணைத் தேடுபெட்டியில் இட்டு, எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும்படி கருவியிடமே சொல்வது, நிரல் தெரியாதவர் அடுத்த வர்த்தமானி வருவதற்கு முன்பே செய்து வைக்கக்கூடிய வேலை.